எரித்ரோமைசின்: முழுதாகக் கட்டியவர்களும் ஓரத்தில் தட்டியவர்களும்

ஆர்கானிக் கெமிஸ்ட்ரிக்காரர்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் சண்டை மூட்டிவிட ஒரு கேள்வி போதும். "பாக்டீரியா ஒரு வாரத்தில் தொட்டி தொட்டியாகச் செய்து கொடுக்கிற பொருளை, நீங்கள் ஏன் பத்து வருஷம் மெனக்கெட்டு மில்லிகிராம் கணக்கில் ஃபிளாஸ்கில் செய்கிறீர்கள்?" கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். டீ ஆறிப்போகும் வரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

நான் பிஎச்டி செய்தது சிந்தசிஸ் லேபில். இயற்கையில் கிடைக்கும் ஒரு மூலக்கூறைக் கடையில் வாங்கும் எளிய ரசாயனங்களிலிருந்து படிப்படியாகக் கட்டி எழுப்புவதுதான் அங்கே வேலை. எங்கள் பாஷையில் டோட்டல் சிந்தசிஸ். இப்போது பிழைப்பு, மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் கம்பெனியில். பாக்டீரியா செய்த மூலக்கூறை எடுத்து ஓரத்தில் தட்டி, அங்கங்கே மட்டும் மாற்றுவது அங்கே வழி. அங்கே கிலோவுக்கு எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி, கடைசிக் கேள்வியும் அதுவே. இரண்டு பக்கத்துச் சோற்றையும் தின்றவன் என்பதால், இந்தச் சண்டையில் என் கட்சியை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. அதற்கு எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை விட நல்ல வழக்கு வேறு கிடைக்காது.

கதை பிலிப்பைன்ஸில் தொடங்குகிறது. இலோய்லோ என்ற ஊரில் அபெலார்டோ அகிலார் என்ற மருத்துவர். அமெரிக்காவின் எலை லில்லி நிறுவனத்துக்காக வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு மருந்து கம்பெனிகள் எல்லாம் உலகம் பூராவும் மண் பொறுக்கிக்கொண்டிருந்த காலம் அது. ஸ்ட்ரெப்டோமைசின் மண் பாக்டீரியாவிலிருந்து கிடைத்ததும், காலடி மண்ணுக்கெல்லாம் மதிப்பு வந்துவிட்டது. பயணம் போகிறவர்களிடம், மிஷனரிகளிடம், விற்பனைப் பிரதிநிதிகளிடம் மண் அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள். அகிலார் 1949-ல் தன் ஊர் மண்ணை அனுப்பினார். அதில் இருந்த பாக்டீரியா சுரந்த பொருளை மெக்குவயர் தலைமையிலான லில்லி குழு பிரித்தெடுத்தது. 1952-ல் மருந்து சந்தைக்கு வந்தது. ஊர்ப்பெயரை ஒட்டி ஐலோடைசின் என்று அதற்கு வணிகப்பெயரும் வைத்தார்கள். ஊருக்குப் பெயர் கிடைத்தது. மண் அனுப்பியவருக்கு ராயல்டி கிடைக்கவில்லை. 1993-ல் இறக்கும்வரை அவர் அதைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். இயற்கைப்பொருள் வேதியியலின் வரலாற்றில் இந்த மாதிரிக் கணக்குத் தீராத பக்கங்கள் நிறைய உண்டு.

பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எரித்ரோமைசின் பெரிய வரமாக இருந்தது. ஆனால் வேதியியல்காரர்களைக் கட்டிப்போட்டது அதன் அமைப்பு. பதினான்கு அணுக்கள் கொண்ட ஒரு பெரிய லாக்டோன் வளையம். அதன் மேல் மெத்தில் குழுக்களும் ஹைட்ராக்சில்களும் வரிசையாக நிற்கின்றன. மூன்றாம் கார்பனில் ஒரு சர்க்கரை, ஐந்தாம் கார்பனில் நைட்ரஜன் உள்ள இன்னொரு சர்க்கரை. மொத்தம் 18 கைரல் மையங்கள். ஒவ்வொரு மையத்திலும் அணுக்கள் இடம் வலமாக இரண்டு விதத்தில் அமரலாம் என்பதால், கணக்குப்படி 2,62,144 வடிவங்கள் சாத்தியம். பாக்டீரியா அதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்கிறது. மீதி 2,62,143-ம் நமக்கு வேண்டாதவை.

ராபர்ட் பர்ன்ஸ் வுட்வர்ட், ஹார்வர்டு. எங்கள் துறையில் இவருக்குக் கிட்டத்தட்ட குலதெய்வ அந்தஸ்து. குயினைன், ஸ்ட்ரிக்னைன், ரெசர்பைன், குளோரோஃபில், எஷென்மோசரோடு சேர்ந்து வைட்டமின் பி12 என்று ஒவ்வொன்றாக முடித்தவர். நீலத்தில் அப்படி ஒரு மோகம். ஆய்வகத்து வாகன நிறுத்தத்தில் அவருடைய இடத்துக்குக்கூட நீலப் பெயின்ட் அடித்திருந்தார்களாம். அப்பேர்ப்பட்டவர் 1956-ல் எரித்ரோமைசினைப் பற்றி எழுதியபோது, நம்மிடம் இத்தனை வசதிகள் இருந்தும் இது நம்பிக்கையே இல்லாத அளவுக்குச் சிக்கலாக இருக்கிறது, அதிலும் குறிப்பாக அந்தக் கைரல் மையங்களின் கூட்டம், என்று ஒத்துக்கொண்டார். இந்த வகைச் சேர்மங்களுக்கு மேக்ரோலைடு என்று பெயர் சூட்டியவரும் அவரே. பெயர் வைத்துவிட்டு, கையை வைக்க நாளாகியது.

வைத்தபோது போட்ட திட்டம் இன்றைக்கும் படிக்கப் படிக்க இனிக்கும். வளையத்தை இரண்டு துண்டாகப் பார்த்தார். இரண்டு துண்டிலும் அணுக்களின் அடுக்கு ஒன்றுபோலவே இருப்பதைக் கவனித்து, கந்தக அணுக்கள் கொண்ட ஒரே இரட்டை வளையச் சேர்மத்திலிருந்து இரண்டையும் எடுத்தார். நீளமான சங்கிலியில் ஒரு மெத்தில் குழுவைச் சரியான பக்கத்தில் உட்கார வைப்பது கஷ்டம். சங்கிலி நெளிந்துகொண்டே இருக்கும். வளையத்துக்குள் பூட்டிவிட்டால் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எந்தப் பக்கம் மறைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் ரானே நிக்கல் என்ற உலோகப் பொடியைப் போட்டுக் கந்தகத்தைப் பிடுங்கிவிட்டால் மெத்தில் குழுக்கள் வேண்டிய இடத்தில் தயார். (ரானே நிக்கலை வடிகட்டியவர்களுக்குத் தெரியும், அதைக் காயவிட்டால் தீப்பிடிக்கும். ஈரமாகவே வைத்திருந்து கவனமாக அப்புறப்படுத்த வேண்டும். எங்கள் லேபில் புதிதாக வருகிறவர்களுக்கு இதுதான் முதல் பாடம்.) கைரல் தன்மையை உள்ளே கொண்டுவர டி-புரோலின் என்ற சாதாரண அமினோ அமிலத்தையே வினையூக்கியாகப் போட்டார். சிறிய கரிம மூலக்கூறுகளை இப்படி வினையூக்கியாக்கும் வித்தையை ஒரு துறையாகவே வளர்த்த பெஞ்சமின் லிஸ்டுக்கும் டேவிட் மேக்மில்லனுக்கும் 2021-ல் நோபல் கிடைத்தது.

கஷ்டமான கட்டம் கடைசியில்தான் வந்தது. நீண்ட சங்கிலியின் ஒரு முனையில் அமிலம், மறுமுனைப் பக்கம் ஹைட்ராக்சில். இரண்டையும் இணைத்து வளையத்தை மூட வேண்டும். முறை கையில் இருந்தது. கோரி என்ற வேதியியலாளரும் அவரிடம் இருந்த நிக்கோலாவும் 1974-ல் வெளியிட்டது. ஆனால் சங்கிலி வளைந்துகொடுக்க வேண்டுமே. வுட்வர்டின் குழு விதவிதமான பாதுகாப்புக் குழுக்களை (வினை நடக்கும்போது மற்ற இடங்களைத் தற்காலிகமாக மூடிவைக்கும் மூடிகளை) மாட்டிய சங்கிலிகளைச் செய்து, எது மூடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தது. பெரும்பாலானவை மூடவில்லை. மூன்றாம், ஐந்தாம் கார்பன்களை ஓர் அசிட்டால் வளையத்தாலும், ஒன்பதாம், பதினொன்றாம் கார்பன்களை ஒரு கார்பமேட் வளையத்தாலும் இறுக்கிக் கட்டியபோதுதான் சங்கிலி சரியான கோணத்துக்கு வளைந்து, 70 சதவீத விளைச்சலோடு மூடியது. அந்தக் கார்பமேட்டுக்காக ஒன்பதாம் கார்பனில் தற்காலிகமாக ஒரு நைட்ரஜனை உட்கார வைத்திருந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வுட்வர்ட் இதை முடித்துப் பார்க்கவில்லை. 1979 ஜூலை 8-ல், 62 வயதில், தூக்கத்திலேயே மாரடைப்பு. யோஷிட்டோ கிஷி பொறுப்பேற்று முடித்துவைத்தார். 1981-ல் மூன்று கட்டுரைகளாக வந்தது. ஆசிரியர்கள் 49 பேர். அந்தப் பட்டியலில் மூன்றாவது பெயர் நம்பியார். சற்றுத் தள்ளி பி. பலராம், பிற்பாடு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராக இருந்தவர். மாணவனாக இருந்தபோது அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தில் நம் ஊர்ப் பெயர்களைத் தேடித் தேடி விரல் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

கிட்டத்தட்ட ஐம்பது படிகள். ஒரு படிக்கு 90 சதவீதம் கிடைத்தாலே ஐம்பது படி கழித்து மிஞ்சுவது அரை சதவீதம் சொச்சம்தான். நிஜத்தில் எல்லாப் படியும் 90 தராது. ஒரு மாத்திரைக்குக்கூட இந்த வழியில் எரித்ரோமைசின் வராது; வரும் என்று வுட்வர்டும் நினைத்திருக்க மாட்டார்.

பாக்டீரியா இதையே எப்படிச் செய்கிறது? 1990-ல் கேம்பிரிட்ஜில் பீட்டர் லெட்லியின் குழுவும், 1991-ல் அபாட் நிறுவனத்தில் டொனாடியோ, காட்ஸ் ஆகியோரும் அதன் மரபணுக்களைப் படித்தபோதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. மூன்று ராட்சதப் புரதங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு நிலையங்கள், கார் தொழிற்சாலையின் அசெம்பிளி லைன் மாதிரி. மூன்று கார்பன் உள்ள புரோபியோனேட் துண்டு ஒன்று முதல் வாசலில் ஏறுகிறது. ஒவ்வொரு நிலையத்திலும் மெத்தில்மலோனேட் துண்டு ஒன்று சேர்கிறது, அந்தந்த இடத்துக்கு வேண்டிய சீர்திருத்தம் நடக்கிறது, அடுத்த நிலையத்துக்குக் கைமாறுகிறது. ஆறு நிலையம் முடிந்ததும் கடைசியில் உள்ள என்சைம் வளையத்தை மூடி இறக்கிவிடுகிறது. வுட்வர்டின் கூட்டம் இத்தனை பாதுகாப்புக் குழுக்களைக் கட்டிப்போட்டு மூடிய அதே வளையம். பாக்டீரியா ஒரு பாதுகாப்புக் குழுவைக்கூடத் தொடுவதில்லை.

இறக்கிய பிறகு சில்லறை வேலைகள் உண்டு. ஓர் என்சைம் ஆறாம் கார்பனில் ஆக்சிஜனை ஏற்றுகிறது, இன்னொன்று பன்னிரண்டில். சர்க்கரைகள் ஒட்டுகின்றன. ஐஐடி பம்பாயில் படித்து ஸ்டான்ஃபோர்டு போன சைத்தன்ய கோஸ்லாவும் சகாக்களும் 2001-ல் இந்த அசெம்பிளி லைனை அப்படியே ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் இறக்கி, சர்க்கரை ஏறாத வளையத்தைச் செய்ய வைத்துக் காட்டினார்கள்.

பாக்டீரியாவின் வேலை அப்பழுக்கில்லாதது என்று நினைத்துவிட வேண்டாம். அது நமக்காகச் செய்யவில்லை. மண்ணில் போட்டிக்கு வருகிற மற்ற பாக்டீரியாக்களின் ரைபோசோமில், அதாவது புரதம் செய்யும் பட்டறையில், புதிதாக உருவாகும் புரதம் வெளியேறும் குகைவழியை அடைக்கத்தான் எரித்ரோமைசின். தன் ரைபோசோமிலும் அது போய் அடைத்துக்கொள்ளாமல் இருக்க, அந்த இடத்தில் மெத்தில் குழுக்களை வைத்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. மண்ணுக்கு அது போதும். மனித வயிற்றின் அமிலத்தைப் பற்றி அதற்கு என்ன கவலை?

நமக்குக் கவலை உண்டு. எரித்ரோமைசினின் ஒன்பதாம் கார்பனில் ஒரு கீட்டோன் இருக்கிறது. வளையத்தை இறக்கிய பிறகு பாக்டீரியா ஆறாம் கார்பனில் ஏற்றிய அந்த ஹைட்ராக்சில், வளையம் மடிந்திருக்கும் விதத்தில் இந்தக் கீட்டோனுக்கு நேர் எதிரே வந்து நிற்கிறது. அமிலம் பட்டதும் ஹைட்ராக்சில் கீட்டோன் மேல் பாய்கிறது. நீர் கழன்று, பிறகு பன்னிரண்டாம் கார்பனின் ஹைட்ராக்சிலும் சேர்ந்துகொள்ள, மருந்து செத்துப்போகிறது. போதாக்குறைக்கு எரித்ரோமைசின் குடலின் மோட்டிலின் ஏற்பியைத் தூண்டிவிட, வயிற்றைப் பிசையும். பழைய ஆட்கள் இந்த மாத்திரையை வேண்டாவெறுப்பாக விழுங்கியதற்குக் காரணம் உண்டு.

ஒருவன் பாய்கிறான், ஒருவன் அடி வாங்குகிறான் என்றால் தடுக்க இரண்டு வழி. பாய்கிறவன் கையைக் கட்டலாம். ஜப்பானின் தைஷோ நிறுவனம் ஆறாம் கார்பனின் ஹைட்ராக்சிலில் ஒரு மெத்திலை மாட்டியது. அதுதான் கிளாரித்ரோமைசின். இல்லையென்றால் அடி வாங்குகிறவனை அந்த இடத்திலிருந்தே எடுத்துவிடலாம். 1980-ல், அன்றைய யூகோஸ்லாவியாவின் ஸாக்ரெப் நகரில், பிளிவா என்ற கம்பெனியில் ஸ்லோபொடான் ஜோகிச், கப்ரியேலா கோப்ரெஹெல் முதலியோர் செய்தது இதைத்தான். வுட்வர்டின் கட்டுரைகள் வெளிவருவதற்கு முந்தைய வருஷம்.

அவர்கள் கையாண்டது பிஎஸ்சி பாடப்புத்தகத்தில் இருக்கும் பெக்மன் மறுசீரமைப்பு. 1886-லிருந்து தெரிந்த வினை. பாக்டீரியா செய்துகொடுத்த எரித்ரோமைசினை எடு. ஹைட்ராக்சிலமீனோடு வினைப்படுத்திக் கீட்டோனை ஆக்சைமாக மாற்று. டோசில் குளோரைடு போடு. நைட்ரஜன் வளையத்துக்குள் நுழையும். ஒடுக்கு. நைட்ரஜனில் ஒரு மெத்திலை ஏற்று. அவ்வளவுதான். பதினான்கு அணு வளையம் பதினைந்தாகிறது, கீட்டோன் மறைகிறது, அசித்ரோமைசின் பிறக்கிறது. வுட்வர்ட் ஒன்பதாம் கார்பனில் தற்காலிகமாக வைத்து வேலை முடிந்ததும் கழற்றிய நைட்ரஜன், இங்கே அதே ஒன்பதாம் கார்பனை ஒட்டி நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. இரண்டு குழுவுக்கும் தொடர்பில்லை. ஆனால் மூலக்கூறின் எந்த மூலையில் கை வைத்தால் வேலை நடக்கும் என்பது இருவருக்கும் தெரிந்திருக்கிறது.

வேலை செய்கிறவன் கண்ணில் இது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஆக்சைமில் இரண்டு வடிவம் உண்டு. ஹைட்ராக்சில் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கத்துக் கார்பன்தான் இடம்பெயரும். இ-வடிவம் இருந்தால் நைட்ரஜன் ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் நடுவில் போகும், அசித்ரோமைசின் வரும். இசட்-வடிவம் கலந்திருந்தால் நைட்ரஜன் மறுபக்கம் போய், எட்டாவதை ஒட்டி உட்கார்ந்த உடன்பிறப்பு ஒன்று வரும். எடை ஒன்று, குணம் வேறு. ஆகவே ஆக்சைம் பேட்ச் முடிந்ததும், கலவையில் எது எவ்வளவு என்று பிரித்துக்காட்டும் ஹெச்பிஎல்சி ரிப்போர்ட் வரும்வரை யாரும் அடுத்த ரியாக்டரைத் தொட மாட்டார்கள். பெக்மன் படியில் அசிட்டோனும் தண்ணீரும் குளிரக் குளிர இருக்க வேண்டும், சோடியம் பைகார்பனேட் அமிலத்தைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் குளிரூட்டும் உப்புநீர் கொஞ்சம் சூடானால் ஆபரேட்டர் முகம் மாறும். எல்லாம் சரியாக நடந்தால், கடைசியில் அசிட்டோன் கரைசலில் தண்ணீரை மெல்ல மெல்ல விட விட வெள்ளை வெளேரென்று டைஹைட்ரேட் படிகம் இறங்கும். எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத காட்சி.

பிளிவா 1981-ல் காப்புரிமை எடுத்தது. பிறகு அது ஃபைசரின் கண்ணில் பட, அந்த நிறுவனம் 1986-ல் உரிமம் வாங்கியது. பிளிவா தன் வட்டாரத்தில் சுமமெட் என்று 1988-ல் விற்க, அமெரிக்காவில் 1991-ல் ஜித்ரோமேக்ஸ் என்று வந்தது. அமிலம் தாங்கியது ஒரு லாபம். கூடுதலாக வந்த அந்த நைட்ரஜனால் மருந்து செல்களுக்குள் புகுந்து தங்கிக்கொள்கிறது. உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 68 மணி நேரம். அதனால்தான் தினம் ஒன்றாக மூன்று மாத்திரை என்ற கணக்கு. ட்ரகோமா என்ற கண்நோயால் பார்வை போய்க்கொண்டிருந்த ஆப்பிரிக்கக் கிராமங்களில் ஊர் முழுக்கக் கொடுக்க முடிந்ததும் இந்தக் குணத்தால்தான்.

இப்போது என் கட்சியைச் சொல்கிறேன். நோபலும் சிலையும் முழுதாகக் கட்டியவர்களுக்கு. உலகத்தின் மருந்துப் பெட்டிக்குள் போனது ஓரத்தில் தட்டியவர்களின் வேலை. எங்கள் படிப்பில் வுட்வர்டுக்கு ஒரு செமஸ்டர், ஸாக்ரெப்காரர்களுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. இது சரியில்லை. நாலு படியில் முடிந்ததால் அது எளிதாக வந்ததென்று அர்த்தமில்லை. ஹைட்ராக்சில்கள் அத்தனை பேர் வாயைத் திறந்துகொண்டு நிற்கும் மூலக்கூறில், ஒரே ஒரு கீட்டோனை மட்டும் தொட்டு, மற்ற எதையும் கலைக்காமல் வெளியே வருவது பெரிய கைவேலை.

அதற்காகக் கேள்வி கேட்டவருடனும் நான் சேர மாட்டேன். ஓரத்தில் தட்டுவதற்கு ஒரு எல்லை உண்டு. பாக்டீரியா கொடுத்த வளையத்தில் கைப்பிடி இருக்கும் இடங்களில்தான் தட்ட முடியும்; வளையத்தின் நடுவில் ஒரு கார்பனை மாற்ற வேண்டுமென்றால் வழியில்லை. இதற்கிடையில் நோய்க்கிருமிகள் அந்தப் பழைய மெத்தில் வித்தையைக் கற்றுக்கொண்டுவிட்டன. எரித்ரோமைசின் தொடங்கி அசித்ரோமைசின் வரை எல்லாம் மழுங்குகிறது. கற்றுக்கொடுத்ததில் நமக்கும் பங்குண்டு. 2019-ல் இந்தியத் தனியார் மருந்துக்கடைகளில் மிக அதிகம் விற்ற ஆன்டிபயாடிக் வடிவம் அசித்ரோமைசின் 500 மாத்திரைதான். சளிக்குப் போட்டோம், வைரஸ் காய்ச்சலுக்குப் போட்டோம். பிறகு கொரோனாவுக்கு வீட்டுக்கு வீடு வாங்கிப் போட்டோம். பிரிட்டனில் நோயாளிகளிடம் நடந்த ரெகவரி என்ற ஆய்வு அதில் பலனில்லை என்று காட்டிய பிறகும் நிறுத்த மனம் வரவில்லை.

இந்த முட்டுச்சந்தில்தான் முழுதாகக் கட்டும் கலை திரும்பி வந்தது. 2016-ல் ஹார்வர்டில் ஆண்ட்ரூ மையர்ஸின் குழு, எட்டு எளிய துண்டுகளிலிருந்து மேக்ரோலைடுகளைக் கட்டும் ஒரு வழியை வெளியிட்டது. துண்டுகளை மாற்றி மாற்றிச் சேர்த்து 300-க்கும் மேற்பட்ட புதிய மேக்ரோலைடுகளைச் செய்தார்கள். பாக்டீரியாவால் செய்ய முடியாதவை, ஓரத்தில் தட்டியும் எட்டாதவை. அவற்றில் சில, மருந்துக்கு மசியாத கிருமிகளையும் அடக்கின. இன்னும் மாத்திரையாக எதுவும் நம் கைக்கு வரவில்லை. ஆனால் ஏன் ஃபிளாஸ்கில் செய்கிறீர்கள் என்ற கேள்விக்கு, வுட்வர்டின் அழகை எடுத்துக்காட்டுவதைவிட இந்த 300-ஐக் காட்டுவது எனக்குத் திருப்தியான பதில்.

நம் ஊர் நிலைமை இதில் வேடிக்கையானது. ஓரத்தில் தட்டும் வித்தையில் இந்தியக் கெமிஸ்டுகளை அடித்துக்கொள்ள ஆளில்லை. டன் டன்னாக அசித்ரோமைசின் செய்கிறோம். அதற்கு அடிப்படையான எரித்ரோமைசின் தயோசயனேட் என்ற உப்போ பெரும்பாலும் சீனாவிலிருந்து டிரம்மில் வருகிறது. 2020-ல் மத்திய அரசு உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்தபோது, நொதித்தல் வழிப் பொருட்கள் பட்டியலில் பென்சிலின் ஜி-யோடு இதையும் சேர்த்ததற்குக் காரணம் அந்தச் சார்புதான். நொதித்தல் நம்மால் முடியாத வேலை இல்லை. ஆனால் ராட்சதத் தொட்டிக்கு நாள்கணக்கில் கிருமி நீக்கிய காற்று போய்க்கொண்டே இருக்க வேண்டும், கரண்ட் போகக் கூடாது, சோயா மாவும் எண்ணெயும் ஊட்ட வேண்டும், வளையத்தின் மூன்று கார்பன் துண்டுக்காக புரோபனால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வேண்டாத கிருமி ஒன்று நுழைந்தால் தொட்டி மொத்தமும் சாக்கடைக்கு. இந்தப் பொறுமைக்கு முதல் போட இங்கே ஆள் குறைவு.

சமீபத்தில் எங்கள் கம்பெனிக்கு இன்டர்வியூவுக்கு ஒரு பையன் வந்தான். எம்எஸ்சி, கெட்டிக்காரன். அசித்ரோமைசின் எப்படி வருகிறது, வரைந்து காட்டு தம்பி என்றேன். ஆக்சைமின் இ-வடிவம், இடம்பெயரும் கார்பன், பொட்டு வைத்தாற்போல் எல்லாம் சரி. "நல்லது. அந்த எரித்ரோமைசின் எங்கேர்ந்து வருது?" என்று கேட்டேன். பாக்டீரியா, மண், இலோய்லோ என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்தேன்.

"வெண்டர்கிட்டேர்ந்து, சார்" என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பர்ச்சேஸ் மேனேஜர் என் பக்கம் திரும்பி, "இவரை எடுத்துடுங்க" என்றார்.